தீமிதி வீடியோ பார்த்த சின்னப் பாட்டிக்குத் தலை சுத்திருச்சு – கேமராவை எங்க வைக்கணும், எப்ப நகர்த்தணும்?

பெகு_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல இருக்கிற பெகுவிலிருந்து எழுதுறேன். எங்க ஊர் அம்மன் கோயில் தீமிதிய இந்தத் தடவ நான்தான் போன்ல எடுத்தேன். கோயில் பெரியவங்க கேட்டாங்க, ஆசையா ஒத்துக்கிட்டேன். கரகம் கிளம்புனதுலேருந்து கடைசி ஆள் பூக்குழி இறங்குற வரைக்கும் ஒரு நிமிஷம் விடல. மொத்தம் 1 மணி 50 நிமிஷம்.

எங்க பாட்டியோட தங்கச்சி சென்னை வியாசர்பாடியில இருக்காங்க. 1964-ல கப்பல் ஏறிப் போனப்ப அவங்களுக்கு 9 வயசு. அதுக்கப்புறம் இந்தக் கோயிலக் கண்ணால பார்த்ததில்ல. முக்கியமா அவங்களுக்காகத்தான் எடுத்தேன். பார்த்துட்டு போன் பண்ணாங்க. "கண்ணு, கூட்டம் தெரியுது, நெருப்பு தெரியுது, ஆனா யாரு எங்க நிக்கிறாங்கன்னே பிடிபடலப்பா. கொஞ்ச நேரத்துல தலை சுத்திருச்சு, படுத்துட்டேன்"னாங்க.

மனசு விட்டுப் போச்சு. அவங்க சொன்னப்புறம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். எதையும் விட்டுடக் கூடாதுன்னு அங்கயும் இங்கயும் திருப்பிக்கிட்டே இருந்திருக்கேன். இன்னும் 3 வாரத்துல தேர் வருது. கிம்பல் (போன் ஆடாமப் பிடிக்கிற கைப்பிடி) வாங்குனா சரியாகுமா? இல்ல போனே மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோல்மீன்_கல்யாண_வீடியோ எழுதியது:

தம்பி, எதையும் வாங்காதே. இருபது வருஷமா கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னு எடுக்கிறவன் சொல்றேன். கிம்பல் கை ஆடுறத நிறுத்தும். உன் வீடியோவுல ஆடுனது கை இல்ல, தீர்மானம். எதைக் காட்டணும்னு முடிவாகாம கேமரா தேடிக்கிட்டே அலைஞ்சிருக்கு. கிம்பல்ல மாட்டினா அதே அலைச்சல் வழுவழுன்னு வரும், அவ்வளவுதான்.

நேர்ல நிக்கிற நமக்குக் கழுத்து இருக்கு. எந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்துக்கலாம். சின்னப் பாட்டிக்கு அது இல்ல, உன் கேமரா எங்க திரும்புதோ அங்கதான் அவங்க பார்க்க முடியும். ஒண்ணைப் பார்த்து மனசுல வாங்கறதுக்குள்ள நீ திருப்பிட்டா, அவங்க எதையுமே பார்த்ததா ஆகாது.

அதனால முதல் பாடம் அசையாம நிக்கிறது. ஃபிரேம் வெச்சுட்டு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணு. அந்தப் பத்து வினாடி என்ன நடந்தாலும் கேமராவத் தொடாதே. ஆள் ஃபிரேமை விட்டுப் போறாரா, போகட்டும். வெளிய போனதும் அந்த ஷாட்டுக்கே ஒரு முடிவு கிடைச்சிரும்.

ரெண்டாவது, தூரம். பூக்குழியையே எடுத்துக்கோ. லாங் ஷாட்ல கோயிலும் குழியும், ரெண்டு பக்கமும் கூட்டமும், குழி முடியிற இடத்துல பால்குழியும் ஒரே பார்வையில தெரியணும். "யாரு எங்க நிக்கிறாங்க"ன்னு பாட்டி கேட்டதுக்கு அந்த ஒரு ஷாட்தான் பதில். அது நெஞ்சுல பதிஞ்சப்புறம் மிட் ஷாட் போ. இறங்கப் போறவர் இடுப்புக்கு மேல, கையில வேப்பிலை, பக்கத்துல பூசாரி. அதுக்கப்புறம் குளோசப். மணிக்கட்டுல கட்டின காப்பு, கண்ணு, சாம்பல் ஒட்டின பாதம். அவர் ஏன் இறங்குறார்ங்கறது குளோசப்ல தெரியும். எங்க இறங்குறார்ங்கறது லாங் ஷாட்ல தெரியும். நீ எடுத்தது முழுக்க நடுவாந்தரமா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். முகம் தெரியிற அளவுக்குக் கிட்டவும் இல்ல, இடம் தெரியிற அளவுக்குத் தள்ளியும் இல்ல.

பெகு_தம்பி எழுதியது:

அண்ணா, பார்க்காமலே சொல்லிட்டீங்க. அப்படியேதான் இருக்கு. கூட்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, முன்னால நிக்கிறவங்க தலைக்கு மேல கையத் தூக்கிப் பிடிச்சிருந்தேன்.

தாலா_படகு எழுதியது:

அசையாம நில்லுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா தம்பி போட்டோ எடுக்கிறதோட நின்னுடுவார். கேமரா நகர்றது தப்பில்ல. நகர்றதுக்கு ஒரு காரணம் இருக்கணும், அவ்வளவுதான்.

நான் தினமும் தாலாவிலிருந்து ரங்கூன் ஆத்தைக் கடந்து வேலைக்கு வர்றவன். படகோட கம்பியில போனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா, நான் ஒண்ணுமே செய்யாம ரங்கூன் கரை மொத்தமும் மெதுவா நகர்ந்து போகும். முன்னால இருக்கிற சின்னப் படகுகள் வேகமா நகரும், பின்னால இருக்கிற கட்டிடங்கள் நிதானமா நகரும். எது கிட்ட, எது தூரம்னு கண்ணுக்கு உடனே புரியும். 1896-ல லூமியேர் சகோதரர்களோட கேமராக்காரர் அலெக்ஸாந்த்ர் ப்ரோமியோ வெனிஸ் நகரத்துல இதைத்தான் செஞ்சார். கேமராவப் படகுல வெச்சு, கரையில இருக்கிற மாளிகைகள் நகர்ந்து போறதை எடுத்தார். கேமரா நகரும்போது எடுத்த முதல் காட்சிகள்ல அதையும் சொல்வாங்க. 130 வருஷமாச்சு, அந்த ஷாட் இன்னைக்கும் தாலா படகுல வேலை செய்யுது.

ஒரே இடத்துல நின்னுக்கிட்டுக் கேமராவத் திருப்புனா அது பேன். அதுல பின்னணிக்கும் முன்னணிக்கும் இடையில இந்த நகர்வு வராது. கேமராவே இடம் மாறுனாதான் வரும். அதனால பேனும் ட்ராலியும் (கேமராவையே நகர்த்திக்கிட்டுப் போறது) ஒண்ணில்ல. ஜூமும் ட்ராலியும் ஒண்ணில்ல. ஜூம் பண்ணா படம் பெரிசாகும், நாம இருந்த இடத்துலயேதான் இருப்போம். நடந்து போனா அந்த இடத்துக்குள்ள நுழையுறோம்.

எடிட்_மேசை_அக்கா எழுதியது:

நான் ரங்கூன்ல எடிட்டிங் பண்றேன். ஊர் ஊரா வர்ற திருவிழா வீடியோ எல்லாம் என் மேசைக்குத்தான் வருது. ரெண்டு அண்ணன்மாரும் சொன்னது சரி. ஆனா வெட்டி ஒட்டுறவ படுற பாட்டையும் தம்பி தெரிஞ்சுக்கட்டும். தேர் எடுக்கப் போறதால சொல்றேன், இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க.

போன வருஷம் ஒரு தேர் வீடியோ வந்தது. மூணு பேர் எடுத்தது. மூணு பேரும் நல்லாத்தான் எடுத்திருந்தாங்க. சேர்த்து வெச்சுப் பார்த்தா தேர் கொஞ்ச தூரம் வலது பக்கம் போகுது, அடுத்த ஷாட்ல இடது பக்கம் போகுது, மறுபடி வலது பக்கம். ஏதோ தேர் பாதி வழியில திரும்பிப் போற மாதிரி இருந்தது. ரெண்டு ராத்திரி உட்கார்ந்தும் அதைச் சரி பண்ண முடியல.

காரணம் இதுதான். தேர் கோயிலை வலம் வருது. அதனால எப்பவும் தேரோட வலது கைப் பக்கம் கோயில் இருக்கும். நீங்க வீதியோட வெளி ஓரத்துல, வீடுங்க பக்கமா நின்னு கோயிலைப் பார்த்து எடுத்தா, ஃபிரேம்ல தேர் வலமிருந்து இடமாப் போகும். கிழக்கு வீதியானாலும் மேற்கு வீதியானாலும் அப்படித்தான், நாலு வீதியிலயும் மாறாது. கோயில் மதிலை ஒட்டி உள் ஓரத்துல நின்னு வீடுங்களைப் பார்த்து எடுத்தா, அதே தேர் இடமிருந்து வலமாப் போகும். தேர் போற வழியை ஒரு கோடுன்னு வெச்சுக்கோங்க. கோட்டுக்கு ஒரே பக்கத்துல நிக்கிற வரைக்கும் திசை மாறாது. தாண்டினா புரண்டுரும். சினிமாக்காரங்க இமேஜினரி லைன்னு சொல்றது இதைத்தான். ரெண்டு பேர் பேசுறப்பவும் இதே கோடு அவங்களுக்கு நடுவுல ஓடுது.

அதனால ஒரு பக்கத்தை முன்னாடியே தேர்ந்தெடுங்க. எனக்குக் கேட்டா வெளி ஓரம்தான். பின்னணியில கோயில் வந்துக்கிட்டே இருக்கும். கட்டாயம் உள்பக்கம் போகணும்னா, நடுவுல ஒரு ஷாட் தேர் நேரா கேமராவ நோக்கி வர்ற மாதிரி எடுத்துக் குடுங்க. நேர் ஷாட்டுக்கு இடமும் இல்ல, வலமும் இல்ல. அதை நடுவுல வெச்சா பார்க்கிறவங்க குழம்பாமக் கோட்டைத் தாண்டிருவாங்க.

இன்னொண்ணு. ஷாட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 5 வினாடியும் முடிஞ்சப்புறம் 5 வினாடியும் கூடுதலா ஓட விடுங்க. அந்த ஓரம் இல்லாம நான் எங்க கத்திரி வைக்கிறது?

பெகு_தம்பி எழுதியது:

அக்கா, காகிதத்துல கோயிலை வரைஞ்சு, சுத்தி ஒரு தீப்பெட்டிய நகர்த்திப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே வருது! வெளிய நின்னா நாலு வீதியிலயும் வலமிருந்து இடம். இத்தனை வருஷமா தேர் இழுக்கிறோம், இதைக் கவனிச்சதே இல்ல.

ரீல்ஸ்_பையன் எழுதியது:

போனை நிமிர்த்திப் பிடிக்கிறதா, படுக்க வைக்கிறதா? எல்லாரும் போன்லதான பார்க்கிறாங்க.

எடிட்_மேசை_அக்கா எழுதியது:

யார் எதுல பார்க்கிறாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. காவடி எடுத்து நிக்கிற ஆளும் தேரும் உயரம். அதுங்க நிமிர்ந்த ஃபிரேம்ல நல்லாவே உட்காரும். ஊர்வலம், பூக்குழி, கூட்டம் எல்லாம் அகலம். பாட்டி டிவியில போட்டுப் பார்க்கிறாங்கன்னா படுக்க வெச்சே எடுங்க. ஓடிக்கிட்டு இருக்கிற ஷாட்டுக்கு நடுவுல மட்டும் போனைத் திருப்பிடாதீங்க.

வியாசர்பாடி_பர்மாக்காரர் எழுதியது:

இந்த இழையை மகன் காட்டினான். நானும் 1964-ல வந்தவன்தான். எடுக்கிறவங்க பேசிக்கிறீங்க, பார்க்கிறவன் ஒரு வார்த்தை சொல்லலாமா?

எங்களுக்கு அனுப்புற வீடியோவுல சாமி முகத்தை நிறையக் காட்டுறீங்க, அது நல்லதுதான். ஆனா எங்க மாதிரி ஆட்கள் தேடுறது வேற. அந்தக் கோயிலுக்குப் பின்னால அரசமரம் இருந்ததே, இருக்கா? வாசல்ல இருந்து பார்த்தா எந்தப் பக்கம் கிணறு? தெருவோட அந்த முனையில இப்ப யார் வீடு? கேமரா ஒரு இடத்துல நின்னாத்தான் நாங்க ஓரத்துல தேட முடியும். நீங்க நடுவுல தேரைக் காட்டுவீங்க, நாங்க ஓரத்துல எங்க வீட்டுத் திண்ணையத் தேடுவோம். தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் நில்லுங்க தம்பி.

மோல்மீன்_கல்யாண_வீடியோ எழுதியது:

ஐயா, இருபது வருஷத் தொழில்ல இதை யாரும் எனக்குச் சொன்னதில்ல. ஓரத்துல தேடுவாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. பத்து வினாடின்னு சொன்னேன். லாங் ஷாட்டுக்கு இருபதா வெச்சுக்கோ தம்பி.

பெகு_தம்பி எழுதியது:

ரெண்டு நாளா எங்க தெரு டீக்கடையில பழகிப் பார்க்கிறேன். கடைக்காரர் எங்க ஆள்தான், சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன். எடுத்ததைச் சொல்றேன், தப்பைச் சொல்லுங்க.

ஒண்ணு: ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு கடை முழுக்க. ரெண்டு: டீ ஆத்துறவர் இடுப்புக்கு மேல. மூணு: அவர் முகம் மட்டும். நாலு: ஒரு சின்னப் பையன் ஸ்டூல்ல உட்கார்ந்து பூரி சாப்பிடுறான். முகம் எடுத்ததுல அவர் மூக்கு பெரிசாவும் காது பின்னால போன மாதிரியும் இருக்கு. பையனை எடுத்தது ஏதோ கிணத்துக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கு.

மோல்மீன்_கல்யாண_வீடியோ எழுதியது:

நல்ல பயிற்சி. மூக்குக்குக் காரணம், நீ முகத்துக்கு ஒரு முழம் தூரத்துல போனைக் கொண்டு போயிருப்பே. போனோட முதல் லென்ஸ் அகலமானது. கிட்டப் போகப் போகக் கேமராவுக்குப் பக்கத்துல இருக்கிற மூக்கு வீங்கும். உன் போன்ல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு லென்ஸ் தனியா இருந்தா அதை வெச்சுக்கிட்டு ஆறு ஏழு அடி பின்னால வா. முகம் முகமா இருக்கும். அவருக்கும் கூச்சம் இருக்காது. தனி லென்ஸ் இல்லாம விரலால இழுத்து ஜூம் பண்ணா படம் கரகரன்னு ஆகிரும். அப்படின்னா மிட் ஷாட்டோட நிறுத்திக்கோ.

பையன் விஷயம், நீ நின்னுக்கிட்டு எடுத்திருக்கே. நம்ம ஊர் டீக்கடை ஸ்டூல் முழங்கால் உயரம் கூட இருக்காது. உட்கார்ந்திருக்கிறவனை நின்னு பார்த்தா அவன் சின்னவனாத்தான் தெரிவான். நீயும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. அவன் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்துல வரட்டும். ஜப்பான் இயக்குநர் யசுஜிரோ ஓஸு, தரையில உட்கார்ந்து பேசுற மனுஷங்களை எடுக்கக் கேமராவையே தரையை ஒட்டி இறக்கி வெச்சவர். அதனால அந்த வீட்டுக்குள்ள நாமும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். குழந்தை, நடக்க முடியாத பெரியவங்க, பிச்சை எடுக்கிறவங்க இவங்களை மேல நின்னு எடுக்காதே. எனக்கு அது ஒரு மரியாதை விஷயம்.

தாலா_படகு எழுதியது:

டீ ஆத்துறதை எப்படி எடுத்தீங்க? அதைச் சொல்லவே இல்லையே.

பெகு_தம்பி எழுதியது:

அதுல ஒரு விஷயம் நடந்தது அண்ணா. முதல்ல டீயோடயே கேமராவ மேலயும் கீழயும் கொண்டு போனேன். பார்த்தா டீ நிக்குது, கடைதான் ஆடுது. அப்புறம் மேல் குவளையும் கீழ் குவளையும் அடங்குற மாதிரி ஃபிரேமை வெச்சுட்டு விட்டுட்டேன். டீ மேலேருந்து கீழ நூல் மாதிரி இறங்குது, நுரை ஏறுது, ஆவி பின்னாடி வெளிச்சத்துல படருது. கடைசியில அவர் கீழ் குவளைய வெளிய எடுத்துட்டுப் போறார், வெறும் ஆவி மட்டும் நிக்குது. நான் எடுத்ததுலேயே அதுதான் நல்லா வந்திருக்கு.

எடிட்_மேசை_அக்கா எழுதியது:

இதுதான். ஃபிரேமுக்குள்ள இருக்கிறது நகர்ந்தா கேமரா நிக்கலாம். ஃபிரேமுக்குள்ள எல்லாம் நிக்குதுன்னா கேமரா நகர்றதைப் பத்தி யோசிக்கலாம். ரெண்டும் ஒண்ணா நகர்றப்ப, எதுவோ ஒண்ணு எதுவோ ஒண்ணைத் தொடரணும்.

ரீல்ஸ்_பையன் எழுதியது:

மூணுல ஒரு பங்குல ஆளை வைக்கணும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே, அதையும் சொல்லுங்க.

மோல்மீன்_கல்யாண_வீடியோ எழுதியது:

அது பழைய பேச்சு. 1797-ல ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு இங்கிலாந்து ஓவியர் இயற்கைக் காட்சி வரையிறதைப் பத்தி எழுதினப்ப அதுக்கு 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்'னு பேர் வெச்சார். போன்ல கட்டம் போட்டுக்கலாம், குறுக்க ரெண்டு கோடு, நெடுக்க ரெண்டு கோடு. ஆள் ஒரு பக்கம் பார்க்கிறார்னா அவர் பார்க்கிற பக்கம் இடம் விட்டு, அவரை மறுபக்கக் கோட்டுல நிறுத்து. நடந்து போறார்னா போற பக்கம் இடம் விடு. தலைக்கு மேல ரொம்ப இடம் விட்டா ஆள் மூழ்கின மாதிரி இருக்கும், ஒட்டி வெட்டினா மூச்சு முட்டும். கண்ணு மேல் கோட்டுல வந்தா சரியா இருக்கும்.

ஆனா அம்மனை ஓரத்துல வைக்காதே. கோபுரம், தீபாராதனை, நேருக்கு நேர் நிக்கிற தேர் இதெல்லாம் நட்ட நடுவுலதான். கோயிலைக் கட்டினவன் நடுவுல நின்னு கும்பிடுறதுக்குத்தான் கட்டினான். இடமும் வலமும் அச்சா ஒத்துப் போகணும், ஒரு விரல் அளவு சாஞ்சாலும் கண்ணு குத்தும். ரங்கூன்ல சூலே பகோடாவுக்குப் போற ரோட்டுல ஒரு நாள் நடுவுல நின்னு பாரு. ரெண்டு பக்கமும் கட்டிடங்க வரிசையா ஓடி, பார்வையை அந்தத் தங்கக் கோபுரத்துல கொண்டு போய் நிறுத்தும். அங்க கட்டம் எதுக்கு? ரோடே வழி காட்டுது.

பெகு_தம்பி எழுதியது:

பேன் பண்ணவே கூடாதா? தேர் கடந்து போறப்ப அதுகூடவே திரும்பணும்னு தோணுதே.

தாலா_படகு எழுதியது:

தாராளமா. தேர் நகருது, நீ அதைத் தொடர்ற, அது நியாயம். நிக்கிற கூட்டத்து மேல சும்மா வீசுறதுதான் தலை சுத்த வைக்குது. அப்படிப் பேன் பண்ணியே ஆகணும்னா, ஃபிரேமோட ஒரு ஓரத்துல இருக்கிற பொருள் மறு ஓரத்துக்குப் போக ஏழு வினாடியாவது ஆகணும். கேமராக்காரங்க ரொம்ப நாளா வெச்சிருக்கிற கணக்கு அது. அதை விட வேகமாப் போனா படம் துடிக்கும்.

உடம்பையும் சொல்றேன். எங்க முடிக்கப் போறியோ அந்தப் பக்கம் பாதத்தை வெச்சு நில்லு. இடுப்பைத் திருகி ஆரம்பிக்கிற இடத்துக்கு வா. அங்கேருந்து திருகலை அவிழ்த்துக்கிட்டே வந்தா, முடிக்கிறப்ப உடம்பு சுகமா நிக்கும். மாத்திச் செஞ்சா கடைசியில முறுக்கிக்கிட்டு நடுங்கும். முழங்கையை விலாவோட ஒட்டிக்கோ. மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே திருப்பு. ஆரம்பமும் முடிவும் நல்ல ஃபிரேமா இருக்கணும், அதை முதல்லயே பார்த்து வெச்சுக்கோ.

ஸ்டாண்ட் இல்லன்னா பழைய கைலித் துணியில ஒரு படி அரிசியக் கட்டிக்கோ. திண்ணையிலயோ மதில் மேலயோ வெச்சு அதுல போனை அழுத்தினா பாறை மாதிரி நிக்கும். நான் படகுல அதைத்தான் வெச்சிருக்கேன்.

இன்னொரு யோசனை. உங்க ஊர்ல சைக்கா, அந்த மூணு சக்கர சைக்கிள் ரிக்‌ஷா, ஓடுதுல்ல? அதுல பக்கவாட்டு சீட்டு ரெண்டு, ஒண்ணு முன்னால பார்த்து, ஒண்ணு பின்னால பார்த்து. பின்னால பார்க்கிற சீட்டுல நீ உட்கார்ந்து, தேருக்கு முன்னால அதே வேகத்துல சைக்காவ ஓட்டச் சொல்லு. தேர் உன்னைப் பார்த்து வந்துக்கிட்டே இருக்கும், ஆனா நெருங்காது, விலகாது. வடம் பிடிக்கிறவங்க முகம் அத்தனையும் நேராக் கிடைக்கும். டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கிட்டா குலுங்காது. பெரிய படத்துல தண்டவாளம் போட்டு ட்ராலி தள்ளுறதை சைக்காக்காரர் உனக்குச் செஞ்சு குடுப்பார். ஆள் கூட்டத்துக்கும் வடத்துக்கும் நல்ல தூரம் விட்டுப் போகணும். கூட ஒருத்தர் நடந்து வழி பார்க்கட்டும்.

எடிட்_மேசை_அக்கா எழுதியது:

ராத்திரி எடுக்கிறதுக்கு ஒரு விஷயம். கோயில் விளக்கு வெளிச்சத்துல படம் பூரா பட்டை பட்டையா ஓடுதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. நம்ம நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் வினாடிக்கு 100 தடவ மின்னுது. ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்குற நேரம்) 1/60 வினாடியில இருந்தா ரெண்டும் ஒத்துப் போகாது. போன்ல கையால மாத்துற வசதி இருந்தா 1/50 இல்லன்னா 1/100 வெச்சுக்கோங்க, பட்டை போயிரும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுறப்ப அந்த 50-ம் நிலையா இருக்காது. அப்ப தீவட்டி, அகல் பக்கமாத் திரும்பிக்கோங்க. நெருப்புல பட்டை ஓடாது.

பெகு_தம்பி எழுதியது:

தீமிதியில குழியோட வெளிச்சம் மாறி மாறி வந்தது. நெருப்பு ஃபிரேமுக்குள்ள வந்தா ஆளுங்க கறுத்துடுறாங்க, போனா முகமெல்லாம் வெளுத்துடுது. புகையில ஃபோகஸும் போயிட்டு போயிட்டு வருது.

மோல்மீன்_கல்யாண_வீடியோ எழுதியது:

போனே வெளிச்சத்தை மாத்திக்கிட்டு இருக்கு, அதைப் பூட்டணும். நெருப்பு வெளிச்சம் விழுற ஒரு முகத்து மேல விரலை அழுத்திப் பிடி, பூட்டு விழும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கு. கங்கு செக்கச்செவேல்னு நிக்கும், முகமும் இருக்கும். ஃபோகஸும் அதோட நின்னுடும்.

நிக்கிற இடமும் முக்கியம். குழி முடியிற பக்கம் நேரா நின்னு தூரத்து லென்ஸ்ல எடுத்தா, இறங்குறவர் முகம் முழுக்கக் கிடைக்கும். ஆனா அவர் நடந்தும் நகராத மாதிரி இருக்கும். குழி எவ்வளவு நீளம், எத்தனை எட்டு வெச்சார்னு தெரியாது. பக்கவாட்டுல நின்னா அது தெரியும், முகம் அவ்வளவாத் தெரியாது. ரெண்டும் வேணும். ஒரே ஆள் ஓடி ஓடி ரெண்டையும் எடுக்க முடியாது. முதல் பத்துப் பேரைப் பக்கவாட்டுல எடு, அப்புறம் இடம் மாறி நேரா நில்லு. எல்லாரையும் எல்லா கோணத்துலயும் எடுக்கணும்னு ஆசைப்பட்டதுதான் உன் 1 மணி 50 நிமிஷம்.

அருள் வந்து ஆடுறவங்க முகத்துக்குள்ள கேமராவக் கொண்டு போகாதே. அவங்க அப்ப நம்ம கேமராவுக்குச் சம்மதம் சொல்ற நிலையில இல்ல. தள்ளி நின்னு, கூட இருக்கிறவங்க தாங்கிப் பிடிக்கிற கையையும் சேர்த்து எடு. மூலஸ்தானத்தைக் குருக்களைக் கேட்காம எடுக்கவே கூடாது.

ரீல்ஸ்_பையன் எழுதியது:

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தா உயிர் இருக்காது. எனக்குக் கையில ஆடுற கேமராதான் பிடிக்கும். கூட்டத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும்.

தாலா_படகு எழுதியது:

வடம் இழுக்கிற கூட்டத்துக்குள்ள புகுந்து ஒரு 15 வினாடி எடு தம்பி, வேர்வையும் கூச்சலும் வரட்டும். நான் அதை வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னால நிக்கிற ஷாட் இருந்தாத்தான் உள்ள புகுந்தது தெரியும். எல்லாமே ஆடுனா எதுவும் ஆடுனதாத் தெரியாது.

பெகு_தம்பி எழுதியது:

தேர் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. அக்காகிட்ட அனுப்பி வெட்டி வாங்கினேன், 14 நிமிஷம். முழுக்க வெளி ஓரத்துல நின்னே எடுத்தேன். ஒரு இடத்துல மட்டும் உள்ள போக வேண்டி வந்தது, முன்னாடி நேர் ஷாட் குடுத்துட்டேன். சைக்காவுல எடுத்தது ரெண்டு நிமிஷம் வந்தது. வடம் பிடிச்சவங்கள்ல எங்க அப்பாவும் இருக்கார், அவர் கேமராவப் பார்க்கவே இல்ல. ஒரு வீதி முழுக்கக் கரண்ட் போயிருச்சு, அங்க தீவட்டி வெளிச்சத்துல எடுத்ததுதான் எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ரெண்டு பேன் வேகமாப் போயிருச்சு, அக்கா தூக்கிட்டாங்க.

சின்னப் பாட்டி போன் பண்ணாங்க. தேர் வடக்கு வீதி முனை திரும்புறதுக்கு முன்னாடி வெறும் வீதியை 20 வினாடி எடுத்திருந்தேன். ஒண்ணுமே நடக்காத ஷாட். அதை நிறுத்தி நிறுத்தி ஆறு தடவ பார்த்தாங்களாம். ஓரத்துல ஒரு கிணத்தடி இருக்கு. அங்கதான் அவங்க அம்மா துணி துவைப்பாங்களாம். தேர் வந்தது அவங்களுக்கு ரெண்டாவதுதான். "அந்தக் கிணத்தடியிலேருந்து நம்ம வீடு வரைக்கும் நடந்து போய்க் காட்டுறியா கண்ணு"ன்னு கேட்டாங்க.

வீடு இப்ப வேற ஆளுங்ககிட்ட இருக்கு, வாசல் வரைக்கும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. இதுல கேமரா நகர்ந்துதான் ஆகணும். என்ன உயரத்துல பிடிக்கணும், என்ன வேகத்துல நடக்கணும்?

மோல்மீன்_கல்யாண_வீடியோ எழுதியது:

அவங்க போனப்ப 9 வயசுன்னு சொன்னே. நாலடி உயரத்துல பிடி. அந்த வயசுப் பிள்ளை தண்ணிக் குடத்தோட நடக்கிற வேகத்துல நட. முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ, குதிகால் முதல்ல படட்டும். எங்கயும் வெட்டாதே, ஒரே ஷாட். வாசல்ல போய் நின்னதும் நூறு வரைக்கும் எண்ணு.

எடிட்_மேசை_அக்கா எழுதியது:

காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுங்க. சத்தத்தை அணைச்சுடாதீங்க, பாட்டு எதுவும் போட வேண்டாம்.

பெகு_தம்பி எழுதியது:

சரி அக்கா. நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்புறேன். கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, போனை இப்பவே சார்ஜ் போட்டுடுறேன்.